அந்த ஏழு நிமிடங்களுக்குப் பிறகு: இளம் ராணுவ மருத்துவர் ஒருவரின் கடிதத்துக்குப் பதில்

அந்தியூர்ப் பக்கத்தில் மஞ்சள் விவசாயம் செய்யும் குடும்பத்தில் பிறந்து, அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்து, குறுகிய காலப் பணியில் ராணுவ மருத்துவப் படையில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகும் பெண் கேப்டன் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் படைப்பிரிவும் முகாமின் இடமும் வெளியில் தெரியக் கூடாது என்பது அவருடைய வேண்டுகோள். அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றிவிட்டே அதன் சுருக்கத்தைக் கீழே தருகிறேன்.

சென்ற குளிர்காலத்தில் 11,000 அடி உயரத்தில் இருந்த ஒரு முகாமுக்கு இவர் ஒருவரே மருத்துவர். மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்து, 41 வயது ஹவில்தார் ஒருவரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கீழ்த்தாடை இரண்டு இடங்களில் உடைந்திருக்கிறது. வாய் நிறைய இரத்தம். கழுத்து குட்டையாகவும் தடித்தும் இருக்கிறது. கூப்பிட்டால் முனகுகிறார், ஆனால் நினைவு மங்கிக்கொண்டே போகிறது. ஒருக்களித்துப் படுத்திருந்த வரைக்கும், ஆக்சிஜன் வைத்த நிலையில், இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவி 93 சதவீதம் என்று காட்டியது. மல்லாக்கப் படுக்க வைத்ததும் 84-க்கு இறங்கியது. ஹெலிகாப்டர் வர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும் என்று தெரிந்ததும், மூச்சுக்குழாய்க்குள் குழாயைச் செலுத்தி, அதாவது இன்ட்யுபேஷன் செய்து அனுப்புவதே பாதுகாப்பு என்று முடிவெடுத்து, மயக்க மருந்தான கெட்டமினும் தசைகளைத் தளர்த்தும் சக்சினைல்கோலினும் கொடுத்துவிட்டு, தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பைக் கையில் எடுத்திருக்கிறார். நான்கு முறை முயன்றும் குரல்நாண்கள் கண்ணில் படவில்லை. இரண்டாம் முயற்சிக்குப் பின்னும், மூன்றாம் முயற்சிக்குப் பின்னும் பக்கத்தில் நின்ற நர்சிங் அசிஸ்டென்ட், "மேடம், எல்.எம்.ஏ.?" என்று, அதாவது குரல்வளையின் மேல் பொருத்தி மூச்சு கொடுக்கும் கருவியைப் போடலாமா என்று, கேட்டது காதில் விழுந்தும் மனத்தில் ஏறவில்லை என்கிறார். ஆக்சிஜன் அளவு 52-ஐத் தொட்டபோது, அந்த உதவியாளரே எல்.எம்.ஏ. உறையைப் பிரித்து அவர் கையில் வைத்திருக்கிறார். அது பொருந்தியது, மார்பு ஏறி இறங்கியது, அளவு மெல்ல உயர்ந்தது. மருந்து கொடுத்ததிலிருந்து கணக்கிட்டால் ஏழு நிமிடங்கள். பெரிய ராணுவ மருத்துவமனை ஒன்றில் கழுத்தில் துளையிட்டு மூச்சுவழி அமைத்து, தாடைக்கு அறுவைச் சிகிச்சை செய்து, ஹவில்தார் இன்று நடமாடுகிறார்.

கடிதத்தின் பிற்பகுதி முழுவதும் கேள்விகள். நான் அலட்சியமாக நடந்துகொண்டவளா, வழக்கு வருமா? இனித் தசைத் தளர்வு மருந்தைத் தொடுவதில்லை, வீடியோ லாரிங்கோஸ்கோப் கேட்டு வாங்குவேன் என்ற என் முடிவு சரியா? விடுப்பில் வரும்போது, ஈரோட்டில் தோழி பணிபுரியும் தனியார் மருத்துவமனையில் கைப்பழக்கம் பெறலாமா? ஐந்தாண்டு முடிந்ததும் பணியையே விட்டுவிடலாமா? அந்த ஹவில்தாரிடம் நடந்ததைச் சொல்ல வேண்டுமா? இவற்றுக்கு நடுவே ஒரு வரி: "உசுரு பொழச்சுக்குச்சல்ல, உடு அம்மணி என்று அப்பா சொல்கிறார், என்னால் விட முடியவில்லை."

அம்மணி, உங்கள் தந்தை கூப்பிடுவதுபோலவே நானும் கூப்பிடுகிறேன். உங்கள் வயதில் எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். கோவையில் முப்பது ஆண்டுகளாக மயக்க மருத்துவராக இருக்கிறேன். நீங்கள் கடிதத்தில் எதையும் மறைக்கவில்லை, ஆகவே நானும் உங்களிடம் எதையும் பூசி மெழுகப் போவதில்லை. அந்த ஏழு நிமிடங்களில் சில தவறுகள் நடந்திருக்கின்றன. ஆனால் நீங்கள் தவறு என்று நினைத்து வருந்துவது ஒன்று, உண்மையில் திருத்திக்கொள்ள வேண்டியது வேறொன்று. குழாய் இறங்கவில்லையே என்பதுதான் கடிதம் முழுக்க உங்கள் வருத்தமாக இருக்கிறது. அந்தத் தாடையோடும் அந்தக் கழுத்தோடும் வந்த ஒருவருக்கு எனக்கும் குழாய் இறங்காமல் போயிருக்கலாம். குழாய் இறங்காதபோது எப்போது நிறுத்துவது, அடுத்து என்ன செய்வது என்பதை யாரும் உங்களுக்குப் பழக்கித் தரவில்லை. நான் பேச விரும்புவது அதைப் பற்றித்தான்.

மருந்து கொடுப்பதற்கு முன் இருந்த வழிகள்

நடந்ததை அறையில் நின்று பார்க்காத நான், இன்ட்யுபேஷன் செய்ய முடிவெடுத்ததே பிழை என்று சொல்ல மாட்டேன். நினைவு மங்கிக்கொண்டிருப்பவரை, பாதுகாப்பான மூச்சுவழி இல்லாமல் ஹெலிகாப்டரில் ஏற்றுவதும் ஆபத்தே. ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட இரண்டு எண்களில்தான் என் கண் நிற்கிறது. ஒருக்களித்துப் படுத்தபோது 93, மல்லாக்கப் படுத்தபோது 84. தாடை உடைந்தவரின் நாக்கு, மல்லாந்தால் பின்னே சரிந்து தொண்டையை அடைக்கும். இரத்தமும் அங்கேயே தேங்கும். ஒருக்களித்தால் இரண்டும் முன்பக்கம் வழிந்துவிடும். 11,000 அடி உயரத்தில் ஆரோக்கியமான படைவீரருக்கே, கூடுதல் ஆக்சிஜன் இல்லாவிட்டால், அளவு 90-ஐ ஒட்டி நிற்பது உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் 93 என்பது, இந்த நிலையில் என்னால் மூச்சுவிட முடிகிறது என்று அந்த உடம்பு சொன்ன செய்தி. முகத்தில் அடிபட்டவர் நினைவோடு இருந்தால் எழுந்து உட்கார்ந்து முன்னால் குனியவிட வேண்டும், நினைவில்லாவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும் என்றுதான் போர்க்களச் சிகிச்சை விதிமுறைகளும் சொல்கின்றன.

ஆகவே மருந்துக்கு முன் உங்களுக்கு வேறு மூன்று வழிகள் இருந்தன. ஒருக்களித்த நிலையிலேயே வைத்து, வாயில் தேங்கும் இரத்தத்தை இடைவிடாமல் சக்‌ஷன் செய்து, ஆக்சிஜனோடு ஹெலிகாப்டருக்குக் காத்திருப்பது ஒரு வழி. நினைவு இன்னும் மங்கினால் அடுத்ததற்குப் போகலாம். சிறிதளவு கெட்டமின் மட்டும் கொடுத்து, தானாக மூச்சுவிடும் நிலை குலையாமல், லாரிங்கோஸ்கோப்பால் ஒரு முறை எட்டிப் பார்ப்பது இரண்டாவது. ஒன்றும் தெரியவில்லை என்றால், மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்வாங்கலாம். கழுத்தின் முன்பகுதியில் மரப்பு ஊசி போட்டு, நேரடியாக அங்கே வழி ஏற்படுத்துவது மூன்றாவது. இந்த மூன்றுமே உங்கள் நினைவுக்கு வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இவை நமக்குப் பாடத்தில் வருமே தவிர, இளம் மருத்துவரின் கைப்பழக்கத்தில் வருவதில்லை. சக்சினைல்கோலின் உள்ளே போன அந்தக் கணத்தில் ஹவில்தாரின் சொந்த மூச்சு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எல்லாமே கடிகாரத்தோடு ஓடும் ஓட்டம். நன்றாக ஆக்சிஜன் ஏற்றிய ஆரோக்கியமான ஒருவருக்கு, மூச்சு நின்ற பிறகு அளவு 90-க்கு இறங்க ஏறத்தாழ எட்டு நிமிடம் ஆகலாம். பருமனானவருக்கு அது மூன்று நிமிடத்துக்கும் குறைவு. காயமும் உயரமும் சேர்ந்தால் இன்னும் குறைவு.

அதற்காக, இனித் தசைத் தளர்வு மருந்தையே தொட மாட்டேன் என்பதும் சரியல்ல. அரைகுறை மயக்கத்தில், பல்லைக் கடித்துக்கொண்டு இருமுகிறவரின் வாயைத் திறந்து முயல்வது வாந்தியையும் இரத்தக்கசிவையும் கூட்டும். குழாய் செலுத்துவது என்று முடிவு செய்துவிட்டால், முழுத் தளர்வே முதல் முயற்சிக்கு நல்ல வாய்ப்பைத் தரும். மருந்தைத் தவிர்க்கச் சொல்லவில்லை, அம்மணி. மருந்து உள்ளே போவதற்கு முன், இது போய்விட்டால் நான் எந்தெந்த வழியில் மூச்சு கொடுப்பேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

நான்காவது முயற்சி ஏன் நடந்தது

அரிசோனாவில் ஓர் அவசரச் சிகிச்சைப் பிரிவில் செய்யப்பட்ட 1,828 இன்ட்யுபேஷன்களை ஆராய்ந்து 2013-ல் ஒரு கட்டுரை வெளிவந்தது. முதல் முயற்சியிலேயே குழாய் இறங்கியவர்களில் 14 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு பாதிப்பு நேர்ந்தது. இரண்டாம் முயற்சி தேவைப்பட்டவர்களில் அது 47 சதவீதம். மூன்றாவது தேவைப்பட்டவர்களில் 60-ஐத் தாண்டியது. ஒவ்வொரு முறை லாரிங்கோஸ்கோப்பின் அலகை உள்ளே விடும்போதும் தொண்டை வீங்குகிறது, இரத்தம் கசிகிறது. முதல் முறை தெரியாதது நான்காம் முறை தெரிவது அரிது. இதனால்தான் பிரிட்டனின் கடின மூச்சுவழிச் சங்கம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், மூன்று முயற்சிகள், அதைவிட்டால் அனுபவம் மிகுந்த வேறொருவரின் ஒரே ஒரு முயற்சி என்று எல்லை வகுத்தது. நம் நாட்டின் அகில இந்தியக் கடின மூச்சுவழிச் சங்கமும் 2016-ல் தன் வழிகாட்டுதலை வெளியிட்டது. பெரிய மருத்துவமனைக்கான எல்லை மூன்று என்றால், தனியாக நிற்கும் இளம் மருத்துவருக்கு இரண்டு போதும் என்பது என் சொந்தக் கருத்து. இரண்டாவது முயற்சியிலும் எதையாவது மாற்ற வேண்டும்: தலையின் நிலையை, அலகை, பூஜி எனப்படும் அந்த நீண்ட வளையும் குச்சியை. எதையும் மாற்றாமல் அதையே திரும்பச் செய்வது முயற்சிக் கணக்கில் சேராது.

எல்.எம்.ஏ. போட நேர்ந்ததைத் தோல்வி என்று நான்கு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். இதைத்தான் முதலில் மனத்திலிருந்து எடுக்க வேண்டும். குரல்வளையின் மேல் ஒரு கிண்ணம்போல் பொருந்தி உட்காரும் இந்தக் கருவியை, பிரிட்டிஷ் மயக்க மருத்துவர் ஆர்ச்சி பிரெய்ன் 1980-களின் தொடக்கத்தில் உருவாக்கினார். இன்று எல்லா வழிகாட்டுதல்களிலும் அது இரண்டாம் திட்டமாக, முதல் திட்டத்துக்கு அடுத்த படியாக, பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கிறது. இரத்தமோ வாந்தியோ நுரையீரலுக்குள் இறங்குவதை அது முழுமையாகத் தடுக்காது என்பது உண்மை. அதனால் அது நிரந்தர ஏற்பாடு ஆகாது. ஆனால் 52-ல் நின்ற ஒருவருக்கு அப்போது தேவைப்பட்டது ஆக்சிஜன். அது எந்த வழியாகப் போனது என்று அவருடைய மூளை கேட்கவில்லை.

நானும் இதில் தவறியவன்தான். படித்து முடித்த புதிதில், கொங்கு நாட்டுத் தாலுகா மருத்துவமனை ஒன்றில் இரவுப் பணி. பூச்சிமருந்து குடித்துவிட்ட பதினெட்டு வயதுப் பையனை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். வாயில் நுரை. நான் குழாயைச் செலுத்தி, உள்ளே போய்விட்டது என்று நம்பி கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பையை அழுத்திக்கொண்டே இருந்தேன். பையன் நீலம் பாரித்தான், இன்னும் வேகமாக அழுத்தினேன். வயதான சிஸ்டர் ஒருவர், "வயிறு உப்புதுங்க டாக்டர்" என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் மறுபடி சொன்னார். குழாய் உணவுக்குழாய்க்குள் இருந்தது. எடுத்துவிட்டு முகமூடியால் மூச்சு கொடுத்து, மறுபடி செலுத்தினேன். மூன்றாம் நாள் அவன் இறந்துபோனான். மருந்தின் நஞ்சாலா, நான் வீணாக்கிய அந்த நிமிடங்களாலா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவை அலையாகக் காட்டும் கேப்னோகிராஃப் அந்தக் காலத்தில் அங்கே கிடையாது. இன்று கையடக்கமாகக் கிடைக்கிறது. உங்கள் முகாமில் அது இல்லையென்றால், வீடியோ லாரிங்கோஸ்கோப்புக்கு எழுதுவதற்கு முன் இதற்கு எழுதுங்கள். குழாய் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு, காதால் கேட்டும் கண்ணால் பார்த்தும் சொல்லும் பதிலைவிட நம்பகமான பதில் அதுதான்.

நர்சிங் அசிஸ்டென்ட்டின் குரல்

2005-ல் இங்கிலாந்தில் எலெய்ன் பிராமிலி என்ற 37 வயதுப் பெண்மணி, சைனஸ் தொடர்பான சாதாரண அறுவைச் சிகிச்சைக்காக மயக்கம் கொடுக்கப்பட்டபோது மூச்சுவழி கிடைக்காமல் போனது. அறையில் அனுபவம் மிக்க மருத்துவர்கள் மூவர் இருந்தார்கள். ஒரு செவிலியர் கழுத்தில் துளையிடும் கருவிகளைக் கொண்டுவந்து, தயாராக இருக்கிறது என்று சொன்னார். இன்னொருவர் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் படுக்கைக்கு ஏற்பாடு செய்தார். மருத்துவர்கள் குழாய் செலுத்துவதிலேயே மூழ்கியிருந்தார்கள். மூளை பாதிக்கப்பட்டு, 13 நாள் கழித்து அவர் இறந்தார். அவருடைய கணவர் மார்ட்டின் பிராமிலி ஒரு விமானி. யாரையும் தண்டிக்கக் கேட்காமல், விமானிகளைப்போல மருத்துவர்களும் குழுவாகப் பேசிப் பழக வேண்டும் என்று அவர் தொடர்ந்து வலியுறுத்தியதால், உலகெங்கும் மயக்க மருத்துவர்களுக்கு இந்த நிகழ்ச்சி பாடமாகச் சொல்லித்தரப்படுகிறது.

அங்கே செவிலியரின் குரல் எடுபடவில்லை. உங்கள் முகாமில் சற்றுத் தாமதமாகவேனும் எடுபட்டது. அதற்கு அந்த மனிதரின் துணிச்சலே காரணம். சீருடை போட்ட இடத்தில், ஓர் அதிகாரியின் கையில் கேட்காமலே ஒரு கருவியை வைப்பது எளிதான செயலில்லை. அவருக்கு நன்றி சொல்லிவிட்டீர்களா என்று உங்கள் கடிதத்தில் தேடினேன், காணவில்லை. சொல்லுங்கள், மற்றவர்கள் முன்னிலையில் சொல்லுங்கள். அதோடு, அடுத்த முறை அவர் துணிச்சலை நம்பி இருக்க வேண்டாத ஓர் ஏற்பாட்டையும் செய்யுங்கள். முயற்சி தொடங்கும் முன்பே, "இரண்டு முறை முடிந்ததும் அல்லது அளவு 90-க்குக் கீழே போனதும் நீங்கள் சத்தமாக நிறுத்தச் சொல்ல வேண்டும், நான் நிறுத்துவேன்" என்று அவருக்குக் கட்டளையாகவே கொடுத்துவிடுங்கள். மேலதிகாரியின் கட்டளையாகிவிட்டால் அவர் தயங்க மாட்டார். மலையில் வேலை செய்கிறீர்கள். அங்கே 90-க்குப் பதிலாக எந்த எண் பொருந்தும் என்பதை முன்பே பேசி வைத்துக்கொள்ளலாம்.

அந்த நேரத்தில் மனம் தமிழில் ஓடியது, வாயில் இந்தி வரவில்லை என்று நீங்கள் எழுதிய வரி எனக்கு முக்கியமாகப் பட்டது. இதை யாரும் பாடத்தில் சொல்வதில்லை. நெருக்கடியில் மனிதர்கள் தாய்மொழிக்குத் திரும்புவது இயல்பு. ஆகவே மூன்று வாக்கியங்களை, குழாய் இறங்கவில்லை, எல்.எம்.ஏ. கொடுங்கள், கழுத்தில் வழி செய்யப் போகிறேன் என்ற மூன்றை மட்டும், உங்கள் குழுவின் மொழியில் நெட்டுருப் போட்டு, ஒத்திகையின்போது உரக்கச் சொல்லிப் பழகுங்கள். உரக்கச் சொல்வது மற்றவர்களுக்காக மட்டுமில்லை. குழாய் இறங்கவில்லை என்று தன் வாயால் சொன்னவருக்கு ஐந்தாம் முறை முயலும் எண்ணம் வராது.

கழுத்தில் கத்தி வைப்பது யாருடைய வேலை

அது சர்ஜனுடைய வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த முகாமில் சர்ஜன் யார்? எல்.எம்.ஏ.வும் பொருந்தாமல் போயிருந்தால், ஆம்பு பையாலும் மூச்சு போகாமல் இருந்திருந்தால், எஞ்சியது கழுத்து ஒன்றுதான். அதைச் செய்ய நீங்கள் ஒருவர்தான் இருந்தீர்கள். 2001 முதல் 2011 வரை அமெரிக்கப் படையினர் இறந்த விதத்தை ஆராய்ந்தபோது, காப்பாற்றியிருக்கக்கூடிய இறப்புகளில் பத்தில் ஒன்பது இரத்தப்போக்கால் நேர்ந்திருந்தன; அதற்கு அடுத்ததாக, ஏறத்தாழ 8 சதவீதம், மூச்சுவழி அடைப்பால் நேர்ந்தவை. ராணுவ மருத்துவருக்கு இது அரிதாக வரும் வேலை, ஆனால் வரும்.

முறை சிக்கலானதில்லை. 10-ஆம் எண் கத்தி, பூஜி, 6 அளவுள்ள குழாய், இவை மூன்றும் போதும். தைராய்டு குருத்தெலும்புக்கும் அதன் கீழுள்ள வளையத்துக்கும் இடையில் விரல் நுனி அமரும் பள்ளத்தில் குறுக்காக வெட்டி, கத்தியைத் திருப்பி, பூஜியை நுழைத்து, அதன் மேல் குழாயை ஏற்றுவது. பருத்த கழுத்தில் பள்ளம் தட்டுப்படாவிட்டால், முதலில் நெடுக்கில் வெட்டி, விரலால் தேட வேண்டும். ஊசியால் துளையிடும் முறையை நம்பாதீர்கள். 2011-ல் வெளியான பிரிட்டனின் நாடு தழுவிய ஆய்வில், ஊசி முறை ஏறத்தாழ பத்தில் ஆறு முறை தோற்றது, கத்தி முறை பெரும்பாலும் கைகொடுத்தது.

இதைப் பழக விலையுயர்ந்த பொம்மை வேண்டாம். ஊருக்கு வரும்போது கறிக்கடையில் சொல்லி வைத்தால், ஆட்டின் சங்கை மூச்சுக்குழாயோடு சேர்த்து எடுத்துத் தருவார்கள். தோலுக்குப் பதிலாக மேலே ஒரு துணியோ பிளாஸ்டரோ போர்த்திக்கொண்டு, கண்ணை மூடி விரலால் பள்ளத்தைத் தேடி, வெட்டிப் பழகுங்கள். பயிற்சிப் பட்டறைகளிலும் இதைத்தான் பயன்படுத்துகிறோம். அதுபோக, வீட்டில் அப்பா, அம்மா, அத்தை, மாமா என்று எல்லாருடைய கழுத்தையும் தொட்டுப் பாருங்கள். ஆண்களுக்கு எளிதில் தட்டுப்படும் பள்ளம், பெண்களுக்கும் பருமனானவர்களுக்கும் எவ்வளவு ஏமாற்றும் என்பது அப்போதுதான் விரலுக்குத் தெரியும்.

கைப்பழக்கம் எங்கே கிடைக்கும்

ஹவுஸ் சர்ஜன் காலத்தில் மயக்கவியல் துறையில் இரண்டு வாரம், மொத்தம் 11 இன்ட்யுபேஷன், அதில் நான்கை சீனியர் முடித்து வைத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். 1998-ல் சுவிட்சர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு, பத்தில் ஒன்பது முறை வெற்றிபெற ஒருவருக்குச் சராசரியாக 57 இன்ட்யுபேஷன்கள் தேவைப்பட்டதாகச் சொன்னது. 2003-ல் கனடாவில் செய்த ஆய்வில் அது 47. இரண்டுமே அறுவை அரங்கில், வெறும் வயிற்றோடு, நல்ல வெளிச்சத்தில் படுத்திருந்த நோயாளிகளை வைத்துச் சொன்ன கணக்கு. உடைந்த தாடைக்கும் இரத்தத்துக்கும் அந்தக் கணக்கு போதாது. ஏழு முறை மட்டுமே தானாகச் செய்த ஒருவரைத் தனியாக மலையில் நிறுத்தியது உங்கள் குற்றம் இல்லை. ஆனால் அது தெரிந்த பிறகு, கேட்காமல் இருந்தால் அது உங்கள் பொறுப்பாகிவிடும்.

ஆகவே முதல் வழி, முறைப்படி கேட்பது. மயக்க மருத்துவ நிபுணர் உள்ள ராணுவ மருத்துவமனை ஒன்றில், நான்கு வாரம் அறுவை அரங்கில் இணைப்புப் பணி வேண்டும் என்று, உங்கள் கட்டளை அதிகாரி வழியாக ராணுவ மருத்துவப் பணிகளின் உதவி இயக்குநர் (ஏ.டி.எம்.எஸ்.) அலுவலகத்துக்கு எழுதுங்கள். மன்னிப்புக் கடிதமாக எழுத வேண்டாம். இதுவரை செய்த எண்ணிக்கை, முகாமில் வரக்கூடிய தேவை, கேட்கும் காலம், திரும்பியதும் உதவியாளர்களுக்கு நடத்தப்போகும் பயிற்சி ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். அந்த நான்கு வாரத்தில் குழாயை மட்டும் பழகாதீர்கள்; முகமூடியை இரண்டு கையால் பிடித்து இன்னொருவர் பையை அழுத்தும் முறையையும், எல்.எம்.ஏ. போடுவதையும் அதே எண்ணிக்கையில் பழகுங்கள். முகமூடியால் மூச்சு கொடுக்கத் தெரிந்த கை அவசரப்படாது.

ஈரோட்டுத் தோழியின் மருத்துவமனை யோசனையைக் கைவிட்டுவிடுங்கள். ராணுவத்தில் பணியில் உள்ள மருத்துவர், எழுத்துமூல அனுமதி இல்லாமல் வெளி மருத்துவமனையில் நோயாளியைத் தொடுவது பணிவிதிச் சிக்கல். அதைவிடப் பெரியது, மயக்கத்தில் இருக்கும் அந்த நோயாளிக்கு நீங்கள் யார் என்றே தெரியாது. அனுமதி பெற்று, ஏதேனும் மருத்துவக் கல்லூரியின் பயிற்சிக் கூடத்தில் பொம்மையில் பழகுவதிலோ, கடின மூச்சுவழிப் பட்டறையில் கலந்துகொள்வதிலோ தடை இருக்காது. கோவையில் அவை அவ்வப்போது நடக்கின்றன.

வீடியோ லாரிங்கோஸ்கோப்பைக் கேட்பது நியாயமே. 2023-ல் அமெரிக்காவில், பெரும்பாலும் பயிற்சி மருத்துவர்கள் குழாய் செலுத்திய ஒரு பெரிய ஆய்வில், முதல் முயற்சியிலேயே வெற்றி வீடியோவில் 85 சதவீதம், சாதாரணக் கருவியில் 71 சதவீதம். ஆனால் வாய் நிறைய இரத்தம் இருந்தால் கேமரா மறைந்துபோகும், கடுங்குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். உங்கள் ஹவில்தாருக்கு அது உதவியிருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. சில நூறு ரூபாய் பெறும் பூஜி உங்கள் பெட்டியில் இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை.

சட்டமும் விசாரணையும்

நான் வழக்கறிஞன் இல்லை. மருத்துவர் என்ற முறையில் அறிந்ததைச் சொல்கிறேன். 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம், மருத்துவர் மேல் குற்றவியல் நடவடிக்கை எடுக்க அலட்சியம் மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும், தீர்மானத்தில் நேரும் பிழை மட்டுமே அலட்சியம் ஆகாது என்று தெளிவாக்கியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் மருத்துவர்களுக்கென வரும் பகுதி, அலட்சியத்தால் மரணம் நேர்ந்தால்தான் பொருந்தும். ஹவில்தார் உயிரோடு இருக்கிறார். ராணுவத்துக்குள் விசாரணை மன்றம் கூட்டப்பட்டால் அஞ்சி ஒளியாதீர்கள். உங்கள் நற்பெயரைப் பாதிக்கக்கூடிய விசாரணை என்றால், அது நடக்கும்போது உடனிருக்கவும், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும் ராணுவ விதிகளின் 180-ஆவது விதி உங்களுக்கு உரிமை தருகிறது. அதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசிக்கொள்ளுங்கள். உங்களைக் காப்பது நீங்கள் அன்றே எழுதிய குறிப்புதான்: நேரம், மருந்தளவு, நான்கு முயற்சிகள், மிகக் குறைந்த அளவு 52. அதில் ஓர் எழுத்தையும் இப்போது திருத்தாதீர்கள். ஏதேனும் விட்டுப்போயிருந்தால், இன்றைய தேதியிட்டுத் தனியாகச் சேருங்கள்.

பணியை விடுவதா என்ற கேள்விக்கு இப்போது பதில் தேட வேண்டாம் என்றே சொல்வேன். இன்னும் மூன்று ஆண்டு இருக்கிறது. தூக்கத்தில் கருவியின் சத்தம் கேட்டு எழுந்துவிடுகிறீர்கள், கை நடுங்குகிறது என்கிறீர்கள். இது சில வாரங்களில் தணியாவிட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். முதலில் தொலைபேசியில் பேசினால் போதும் என்றால் டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம். குற்ற உணர்ச்சியைக் கழுவ மயக்கவியல் மேற்படிப்பில் சேருவதும், அதே உணர்ச்சிக்குப் பயந்து அந்தத் துறையைத் தவிர்ப்பதும், இரண்டுமே வேண்டாம். நான்கு வாரப் பயிற்சிக்குப் பிறகு, அந்த வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா என்று பாருங்கள்.

ஹவில்தாரிடம் சொல்ல வேண்டுமா

சொல்ல வேண்டும். உங்கள் மனப்பாரத்தை இறக்கி வைப்பதற்காக அல்ல, அவருடைய நலனுக்காக. அவர் தாடையில் உலோகத் தகடு இருக்கலாம். அதை எடுக்கவோ, வேறு எதற்கோ, இன்னும் பல முறை அவருக்கு மயக்கம் கொடுக்க நேரலாம். அப்போது அங்கே நிற்கும் மருத்துவருக்கு, இவருக்குக் குழாய் இறங்கவில்லை என்பது தெரிந்திருக்க வேண்டும். பணி ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குப் போய்விட்டால், ராணுவப் பதிவேடு அவரோடு போகாது. கட்டளை அதிகாரியின் அனுமதியோடு, அவருக்குச் சிகிச்சை தந்த நிபுணர் உடனிருக்க, நடந்ததை எளிய மொழியில் சொல்லுங்கள். பிறகு ஒரு தாளில் எழுதி, இரண்டு படி எடுத்து அவரிடமும் அவர் மனைவியிடமும் கொடுக்கச் சொல்லுங்கள். அதில் இருக்க வேண்டியவை இவை: நிகழ்ந்த தேதி, தாடை முறிவும் இரத்தமும் இருந்த நிலை, எந்த அலகால் எத்தனை முறை முயன்றும் குரல்நாண்கள் தெரியவில்லை என்பது, முகமூடியால் மூச்சு கொடுக்க முடிந்ததா, எவ்வளவு முடிந்தது என்பது, எந்த அளவு எல்.எம்.ஏ. பொருந்தியது என்பது, கடைசியில் எந்த மருத்துவமனையில் எந்த முறையில் மூச்சுவழி அமைக்கப்பட்டது என்பது. எந்த மருத்துவமனையில் எந்த அறுவைக்குப் படுத்தாலும், ஊசி போடும் முன் மயக்க மருத்துவரிடம் இதை முதலில் காட்டும்படி அவரிடம் சொல்லுங்கள்.